‘ரன்’: ஓடும், ஓட்டும், நடத்தும், தீரும் ஒரே சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போதே ‘ரன்’ வந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு சிறுவன் ஓடும் படம். கீழே ‘ஓடு’ என்று பொருள். அதோடு அந்தச் சொல்லை முடித்துவிட்டோம் என்று அடுத்ததற்குப் போய்விடுகிறோம். பல வருடம் கழித்து ஒரு மின்னஞ்சலில் ‘ரன் இட் பை ஹெர் ஃபர்ஸ்ட்’ என்று வரும்போது கை நின்றுவிடுகிறது. எதை ஓட்டச் சொல்கிறார்கள்? யார் பக்கத்தில்? உண்மையில் அங்கே ஓட்டமே இல்லை. ‘முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அபிப்பிராயம் கேள்’ என்பதுதான் பொருள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள்களைக் கொண்ட சொல்லாக இருந்தது ‘செட்’. அதற்கு 430 பொருள்கள். பிறகு அந்த அகராதியைத் திருத்தி எழுதும் பணியில் ‘ரன்’ முந்திக்கொண்டது. அந்தப் பதிவைத் திருத்திய பீட்டர் கில்லிவர், வினைச்சொல்லாக மட்டும் ‘ரன்’னுக்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்குச் சுமார் 9 மாதம் ஆயிற்று.

645-ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, செய்யவும் முடியாது. தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. நம் ‘ஓடு’வும் கால்களை விட்டுவிட்டு வெகுதூரம் போன சொல்தான். ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, வியாபாரம் ஓடுகிறது, மனதில் என்னவோ ஓடுகிறது. ‘ரன்’னும் ‘ஓடு’வும் பாதி வழி கைகோத்துப் போகின்றன, அப்புறம் பிரிகின்றன. எந்த இடத்தில் பிரிகின்றன என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலான குழப்பம் தீரும். கீழே உள்ள படிகள் அந்தப் பிரிவுகளைக் கண்டுபிடிப்பதற்காகவே.

படி 1: வடிவத்தைச் சரிசெய்தல்

பொருளுக்குப் போகும் முன் வடிவம். நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரேன்’, மூன்றாம் வடிவம் மறுபடி ‘ரன்’. ‘கம், கேம், கம்’ போகிற அதே தடம். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ வந்தால் பின்னால் ‘ரன்’தான் வர வேண்டும். ‘ஐ ஹேவ் ரேன்’ பிழை. ‘யெஸ்டர்டே ஐ ரன்’ என்பதும் பிழை. ‘ரன்னிங்’, ‘ரன்னர்’ என்று எழுதும்போது ‘என்’ என்ற எழுத்து இரண்டு முறை வரும். ஒன்றை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

மூன்றாம் வடிவமும் முதல் வடிவமும் ஒன்றாக இருப்பதால் செயப்பாட்டு வினையில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பள்ளியை ஓர் அறக்கட்டளை நடத்துகிறது’ என்பதற்கு ‘தி ஸ்கூல் இஸ் ரன் பை எ டிரஸ்ட்’ என்பதே சரி. நம்மில் பலர் ‘இஸ் ரன்னிங் பை’ என்று எழுதுகிறோம். காரணம் எளிது: ‘பள்ளி நடக்கிறது’ என்று தமிழில் தொடர்ந்து நடப்பதாகச் சொல்வதால், கை தானாக ‘ரன்னிங்’ போட்டுவிடுகிறது. பின்னால் ‘பை’ வந்து, நடத்துகிறவரைச் சொன்னால் ‘ரன்’ என்றே நிறுத்துங்கள்.

படி 2: யார், எது ‘ரன்’ செய்கிறது என்று பாருங்கள்

வாக்கியத்தின் எழுவாய்தான் முதல் சாவி. உயிருள்ளது என்றால் பெரும்பாலும் கால் ஓட்டம். வேறெதுவும் என்றால் பொருள் மாறத் தொடங்குகிறது.

நீர்மம் எழுவாயாக வந்தால் ‘வழி, ஓடு, பாய்’. இது புதிதாக ஒட்டிய பொருள் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் மூதாதையான ‘ரின்னன்’ ஓடுவதையும் குறித்தது, நீர் வழிவதையும் குறித்தது. ஜெர்மன் மொழியில் அந்தக் குடும்பம் இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது: ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, ‘ரின்னன்’ என்றால் வழிவது. ஆகவே ‘ஹெர் நோஸ் இஸ் ரன்னிங்’ என்பதில் வேடிக்கை எதுவும் இல்லை, மூக்கு ஒழுகுகிறது. ‘தி டேப் இஸ் ரன்னிங்’ என்றால் குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ‘தி கலர் ரேன்’ என்றால் துணியில் சாயம் போய்விட்டது. மூன்று இடத்திலும் ‘ஓடு’ என்று எழுதினால் தமிழ் கெடும்: ஒழுகுகிறது, தண்ணீர் போகிறது, சாயம் போயிற்று.

இயந்திரம், நிறுவனம், ஏற்பாடு எழுவாயாக வந்தால் ‘இயங்கு, ஓடு, நட’. ரயிலும் பேருந்தும் வந்தால் அவை கால அட்டவணைப்படி வந்துபோவதைச் சொல்கிறது. ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி ட்வென்ட்டி மினிட்ஸ்’ என்றால் 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து உண்டு. பேருந்தின் வேகம் அங்கே பேச்சே இல்லை.

சாலை, வேலி, குழாய், தழும்பு போன்ற நீண்ட பொருள் வந்தால் ‘செல், போ, நீள்’. இங்கே ஒரு நுட்பம்: சாலை நகர்வதில்லை, அதனால் ஆங்கிலம் ‘தி ரோடு ரன்ஸ்’ என்று எளிய நிகழ்காலத்திலேயே சொல்லும். ‘இஸ் ரன்னிங்’ போட்டால் படிப்பவர் காதில் சட்டென்று உறுத்தும்.

ஒப்பந்தம், உரிமம், நாடகம், தொடர் வந்தால் ‘நீடி, செல்லுபடியாகு, நடைபெறு’. ‘தி லீஸ் ரன்ஸ் டில் ஜூன்’ என்றால் குத்தகை ஜூன் வரை. எழுத்தோ பேச்சோ எழுவாயானால், அதில் உள்ள வாசகம் இன்னது என்று பொருள்: ‘தி நோட் ரன்ஸ் அஸ் ஃபாலோஸ்’ என்றால் ‘குறிப்பில் உள்ளது இதுதான்’.

ஒரு குணமோ நோயோ எழுவாயாக வந்து பின்னால் ‘இன் தி ஃபேமிலி’ என்று முடிந்தால், அது பரம்பரையாக வருவது. ‘அவர்கள் வம்சத்திலேயே இருக்கிறது’ என்று நாம் சொல்வதுதான்.

படி 3: பின்னால் செயப்படுபொருள் இருக்கிறதா?

தமிழ் அறிந்தவர் மிகவும் கவனிக்க வேண்டிய படி இது. தமிழில் தானாக நடப்பதற்கு ஒரு வடிவம், ஒருவர் நடக்கச் செய்வதற்கு இன்னொரு வடிவம்: ஓடு, ஓட்டு, நட, நடத்து, இயங்கு, இயக்கு. தன்வினை, பிறவினை என்று இலக்கணம் பிரித்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’. ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயங்குகிறது. ‘ஷி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் இயக்குகிறாள். சொல் மாறவில்லை, பின்னால் ஒரு பெயர் வந்து உட்கார்ந்ததும் பொருள் மாறிவிட்டது.

ஆகவே ‘ரன்’னைக் கண்டதும் ‘எதை?’ என்று கேளுங்கள். விடை வாக்கியத்தில் இருந்தால் பிறவினை. அந்த விடையே தமிழ்ச் சொல்லையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். கடை, பள்ளி, அமைப்பு, முகாம் என்றால் ‘நடத்து’. ஆங்கிலேயர் ஓட்டுகிற நிறுவனத்தை நாம் நடத்துகிறோம். ஒரே காரியத்துக்கு அவர்கள் வேகமான காலையும் நாம் நிதானமான காலையும் எடுத்திருக்கிறோம். கணினி நிரல் என்றால் ‘இயக்கு’, பேச்சில் ‘ரன் பண்ணிப் பார்’. சோதனை என்றால் ‘செய்’. செய்தி, விளம்பரம் என்றால் ‘வெளியிடு’. குளியல் தொட்டி என்றால் ‘நீர் நிரப்பு’. கை, விரல் என்றால் ‘தடவு, வருடு’. துப்பாக்கி, போதைப்பொருள் என்றால் ‘கடத்து’. சிவப்பு விளக்கு என்றால் ‘மீறிப் போ’. ஆபத்து என்றால் ‘ஆளாகு’. வெப்பநிலை என்றால் ‘காய்ச்சல் அடிக்கிறது’. ‘ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்பதை ‘வெப்பநிலையை ஓட்டுகிறாள்’ என்று எந்த இயந்திர மொழிபெயர்ப்பும் தரலாம், மனிதர் தரக்கூடாது.

ஆள் செயப்படுபொருளாக வந்து பின்னால் ஓர் இடம் வந்தால், வண்டியில் கொண்டுபோய் விடுவது: ‘ஐ வில் ரன் யூ ஹோம்’ என்றால் ‘உன்னை வீட்டில் இறக்கிவிடுகிறேன்’. ‘எரண்ட்’ என்ற சொல் வந்தால், வெளியே போய் முடித்துவரும் சின்னச் சின்ன வேலை.

வண்டி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘நான் கார் ஓட்டுகிறேன்’ என்பதை ‘ஐ ரன் எ கார்’ என்று எழுதினால் இலக்கணம் சரி, பொருள் வேறு. குறிப்பாகப் பிரிட்டிஷ் வழக்கில் அது ‘கார் வைத்துப் பராமரிக்கிறேன், எரிபொருள், காப்பீடு, பழுதுச் செலவெல்லாம் தாங்குகிறேன்’ என்று ஆகிவிடும். கார் ஓட்டுவது ‘டிரைவ்’. சைக்கிளும் குதிரையும் ‘ரைட்’. விமானம் ‘ஃப்ளை’. நமக்கு ஒரே ‘ஓட்டு’ போதும். ஆங்கிலம் வாகனத்துக்கு வாகனம் வினையை மாற்றுகிறது.

படி 4: தீர்வது, வறள்வது, மிஞ்சுவது

சில இடங்களில் ‘ரன்’னுக்குப் பின்னால் ஒரு பண்புச்சொல் மட்டும் வரும். ‘ரன் டிரை’ என்றால் வற்றிப்போவது. ‘ரன் லோ’, ‘ரன் ஷார்ட்’ என்றால் குறைந்துகொண்டு வருவது; இன்னும் தீரவில்லை. ‘ரன் லேட்’ என்றால் தாமதமாவது. ‘ரன் ஹை’ உணர்ச்சிகளுக்கு வரும்: கூட்டத்தில் கொந்தளிப்பு. ‘ரன் வைல்ட்’ என்றால் கட்டுக்கடங்காமல் போவது. செடிக்கும் சொல்வார்கள், பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். ‘ரன் அமக்’ என்றால் வெறிபிடித்துத் தாக்குவது. ‘அமக்’ மலாய் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இந்த இடங்களில் ‘ரன்’ கிட்டத்தட்ட ‘ஆகு’ என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதை மொழிபெயர்க்க முயலாமல், பின்னால் வரும் பண்பை வினையாக்கிவிடுங்கள்: வற்றியது, குறைந்தது, தாமதமானது.

படி 5: ஒட்டிக்கொள்ளும் சிறு சொற்கள்

அதிகப் பிழை நடப்பது இங்கேதான். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘டவுன்’ போன்ற ஒரு சிறு சொல் சேர்ந்ததும் ‘ரன்’ தன் பழைய பொருளைக் கழற்றி வைத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாகப் பழகுவதே வழி.

‘ரன் அவுட்’ என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் கிரிக்கெட் அதை நம் வாயில் வேறு பொருளில் பதித்துவிட்டது. பொருள் தீர்ந்தால் அந்தப் பொருளே எழுவாய்: ‘தி சுகர் ரேன் அவுட்’. ஆளை எழுவாயாக வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் சுகர்’. இந்த ‘ஆஃப்’பை விழுங்கிவிடுவதுதான் பெரும்பிழை. நேரம், பொறுமை, யோசனை எல்லாவற்றுக்கும் இதே அமைப்பு. உரிமம் ‘ரன்ஸ் அவுட்’ ஆனால் காலாவதி. பின்னால் ‘ஆன்’ சேர்ந்து ஓர் ஆளின் பெயர் வந்தால், அவரை நட்டாற்றில் விட்டுப் போனது. கிரிக்கெட்டில் மட்டும் ஆட்டக்காரர் செயப்பாட்டில் வருவார்: ‘ஹி வாஸ் ரன் அவுட்’. ‘வாஸ்’ இல்லாமல் ‘ஹி ரேன் அவுட்’ என்றால் அவர் வெளியே ஓடினார், அவ்வளவுதான்.

‘ரன் இன்டு’வுக்கு நான்கு முகம். ஆள் வந்தால் எதிர்பாராமல் சந்திப்பது. பிரச்சினை வந்தால் அதில் மாட்டுவது. சுவர், மரம், கம்பம் வந்தால் போய் மோதுவது. தொகை வந்தால் அந்த அளவை எட்டுவது, அதாவது ‘ஆயிரக்கணக்கில் ஆகும்’ என்ற பொருள். ஆள் என்ற இடத்தில் எச்சரிக்கை வேண்டும்: எழுதுகிறவர் நடந்து வந்தாரா, வண்டியில் வந்தாரா என்பதைப் பொறுத்து ‘சந்தித்தேன்’ என்பது ‘மோதிவிட்டேன்’ ஆகலாம். ‘ரன் அக்ராஸ்’ என்றால் தற்செயலாகக் கண்ணில் படுவது. பழைய கடிதம், அரிய தகவல் போன்றவற்றுக்கு இது பொருத்தம்.

‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஏற்றிவிடுவது. ‘ரன் தி டாக் ஓவர்’, ‘ரன் ஓவர் தி டாக்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ என்று பிரதிப்பெயர் வந்தால் பெரும்பாலும் நடுவில்தான்: ‘ரேன் இட் ஓவர்’. அதே சொல் கூட்டத்துக்கு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டியது. பால் பாத்திரத்துக்கு வந்தால் வழிந்தது.

‘ரன் டவுன்’ என்றால் ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவது, வண்டியால் இடித்துத் தள்ளுவது, மின்கலம் மெல்லத் தீர்வது, தேடி அலைந்து கண்டுபிடிப்பது. நான்கும் நான்கு திசை. நடுவில் ஒரு சிறு கோடு போட்டுப் பண்புச்சொல்லாக வந்தால், பாழடைந்த கட்டடம் அல்லது உடல் தளர்ந்துபோன ஆள். சேர்த்து எழுதிப் பெயர்ச்சொல்லாக வந்தால் ‘சுருக்கமான விவரம்’. பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் பாதியில், வினையில் பின்பாதியில் விழும். பேச்சைக் கேட்டே இதைப் பிரிக்கலாம்.

‘ரன் அப்’ என்றால் கடனை ஏற்றிக்கொள்வது, ஒரு துணியைச் சட்டென்று தைத்துவிடுவது, கொடியை ஏற்றுவது. பெயர்ச்சொல்லானால் பந்துவீச்சாளர் எடுக்கும் ஓட்டம், அல்லது தேர்தலுக்கு முந்தைய நாட்கள். ‘ரன் அப் அகைன்ஸ்ட்’ என்றால் ஒரு தடையில் போய் முட்டிக்கொள்வது.

‘ரன் த்ரூ’ என்றால் ஒருமுறை முழுக்கப் பார்ப்பது, ஒத்திகை பார்ப்பது. பணத்துக்கு வந்தால் கரைத்துவிடுவது. ‘ரன் பை’க்குப் பொருள் முன்பே சொன்னதுதான், செயப்படுபொருள் எப்போதும் நடுவில் வரும். ‘ரன் அவே’ என்றால் வீட்டைவிட்டு ஓடிப்போவது. ‘ரன் அவே வித்’ என்றால் அதோடு இன்னொரு பொருளும் உண்டு: உணர்ச்சி ஒருவரை இழுத்துக்கொண்டு போவது. ‘ரன் ஆஃப்’ என்றால் சட்டென்று பிரதிகள் எடுப்பது அல்லது நழுவி ஓடுவது. அதே சொல் பெயராக வந்தால் மழைநீர் வழிந்தோடல், அல்லது முதல் சுற்றில் முடிவு வராதபோது நடக்கும் மறுவாக்கெடுப்பு.

‘ரன் ஃபார்’ இரண்டு மாதிரி. பேருந்து வந்தால் பிடிக்க ஓடுவது. பதவி வந்தால் தேர்தலில் நிற்பது. அமெரிக்கர் ‘ரன் ஃபார்’ என்பதைப் பிரிட்டிஷார் ‘ஸ்டாண்ட் ஃபார்’ என்பார்கள். ஒருவர் ஓட, ஒருவர் நிற்க, நாமும் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்றே சொல்கிறோம்.

படி 6: பெயர்ச்சொல்லாக வரும்போது

முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ வந்தால் அது பெயர். கிரிக்கெட் ஓட்டம் எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றில் முக்கியமானவை சில.

‘எ ரன் ஆன் தி பேங்க்’ என்றால் வங்கி முழுகிவிடும் என்ற பயத்தில் வைப்பாளர்கள் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முண்டியடிப்பது. 1933 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நாடு முழுவதும் வங்கிகளைச் சில நாட்கள் மூடச் சொன்னதற்கு இப்படிப்பட்ட ‘ரன்’கள்தான் காரணம். இதை ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் விளங்காது. ‘வங்கியில் பணம் எடுக்க அலைமோதல்’ என்று விரித்து எழுதுவதே நல்லது.

‘எ ரன் ஆஃப் லக்’ என்றால் அடுத்தடுத்து வரும் அதிர்ஷ்டம். ‘பிரின்ட் ரன்’ என்றால் ஒரு முறையில் அச்சிடும் பிரதிகளின் எண்ணிக்கை. ‘டிரை ரன்’ என்றால் உண்மையாகச் செய்யும் முன் செய்துபார்க்கும் ஒத்திகை. ‘ஆன் தி ரன்’ என்றால் தலைமறைவு. ‘இன் தி லாங் ரன்’ என்றால் நாளடைவில். ‘நீண்ட ஓட்டத்தில்’ என்று எழுதுவது தமிழில் ஒட்டாது. ‘சிக்கன் ரன்’ என்றால் கோழிகள் உலவுவதற்கான கம்பிவேலி அடைப்பு. ‘தி ரன்ஸ்’ என்று பன்மையில் ‘தி’ சேர்த்து, வயிற்றைப் பற்றிப் பேசினால் பேதி. பேச்சுவழக்கு, அலுவல் கடிதத்தில் எழுதக்கூடாது.

‘ரன் ஆஃப் தி மில்’ என்றால் சாதாரணமானது, குறிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லாதது. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வரும் சரக்கைச் சொன்னதிலிருந்து வந்த பொருள். ‘ரன் தி காண்ட்லட்’ என்பதில் வரும் ‘காண்ட்லட்’டைப் பலர் போர்க்கையுறை என்று நினைக்கிறார்கள். அது ஸ்வீடிஷ் ‘காத்லோப்’ திரிந்து வந்தது: ‘காத்தா’ என்றால் தெரு, ‘லோப்’ என்றால் ஓட்டம். இரண்டு வரிசை ஆட்கள் நின்று அடிக்க, நடுவே ஓடவைக்கும் பழைய இராணுவத் தண்டனை அது. இப்போது நாலாபக்கமும் கண்டனத்தைத் தாங்கிக்கொண்டு போவதற்குச் சொல்கிறார்கள்.

‘ரன்னிங்’ என்ற வடிவம் எண்ணுக்குப் பின்னால் வந்தால் ‘தொடர்ந்து’: ‘த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றால் தொடர்ந்து மூன்று நாள். பெயருக்கு முன்னால் வந்தால் இடைவிடாதது: ‘ரன்னிங் டோட்டல்’ என்றால் கூட்டிக்கொண்டே வரும் தொகை.

படி 7: மாற்றுச் சொல் தேர்ந்தெடுத்தல்

ஒத்த சொற்களின் பட்டியலை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போடுவது ஆபத்து. பட்டியலில் உள்ளவை ‘ரன்’னுக்கு ஒத்தவை என்பதைவிட, ‘ரன்’னின் ஏதோ ஒரு பொருளுக்கு மட்டும் ஒத்தவை என்பதே சரி. முதலில் பொருளை முடிவுசெய்து, பிறகு சொல்.

கால் ஓட்டத்துக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ‘ஜாக்’ உடற்பயிற்சிக்கான மெல்லோட்டம். ‘ஸ்பிரின்ட்’ குறுகிய தூரத்தில் முழு வேகம். தடகளத்தில் 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் இந்த வகை. 42.195 கிலோமீட்டர் மாரத்தானை யாரும் முழுதும் ‘ஸ்பிரின்ட்’ செய்வதில்லை. ‘டாஷ்’ அவசரத்தில் சட்டென்று ஓடுவது. ‘போல்ட்’ மிரண்டு பாய்ந்து ஓடுவது, குதிரைக்கு அதிகம் வரும். ‘ஃப்ளீ’ ஆபத்திலிருந்து தப்பி ஓடுவது. அதன் இறந்தகாலம் ‘ஃப்ளெட்’. ‘ஸ்கேம்பர்’ எலி, அணில், சிறு குழந்தை.

நடத்துவதற்கு ‘மேனேஜ்’, ‘ஆபரேட்’, ‘கண்டக்ட்’, ‘அட்மினிஸ்டர்’ நான்கும் வரும், ஆனால் இடம் மாறாது. ‘மேனேஜ்’ ஆட்களையும் பணத்தையும் கவனிப்பது. கூடவே ‘எப்படியோ சமாளித்தேன்’ என்ற நிழலும் அதில் உண்டு. ‘ஆபரேட்’ இயந்திரத்துக்கும் சேவைக்கும். ஆள் பின்னால் ‘ஆன்’ சேர்ந்து வந்தால் அறுவைச் சிகிச்சை ஆகிவிடும். ‘கண்டக்ட்’ ஆய்வு, விசாரணை, கருத்துக்கணிப்பு, கடைக்கு வராது. ‘அட்மினிஸ்டர்’ நிதி, சட்டம், தேர்வு. மருந்து கொடுப்பதற்கும் இதே சொல். கடையைப் பற்றி எழுதும்போது ‘ரன்’னே இயல்பு, அதை மாற்ற வேண்டியதில்லை. கணினி நிரலுக்கு ‘எக்ஸிகியூட்’ சரியானது. ஆனால் ஆள் பின்னால் வந்தால் மரண தண்டனை நிறைவேற்றுவது என்பதை மறக்கக்கூடாது.

சாலைக்கு ‘எக்ஸ்டெண்ட்’, காலத்துக்கு ‘லாஸ்ட்’, ஆற்றுக்கு ‘ஃப்ளோ’, இயந்திரத்துக்கு ‘ஒர்க்’. இவற்றில் சிக்கல் குறைவு.

படி 8: ‘ஓடு’விலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது

எதிர்த்திசையில் விழும் பிழைகள் இன்னும் அதிகம். ‘காலம் ஓடுகிறது’ என்பது ஆங்கிலத்தில் ‘டைம் ஃப்ளைஸ்’. ‘டைம் இஸ் ரன்னிங் அவுட்’ என்றால் நேரம் தீர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்ற அவசரம். ‘படம் ஓடுகிறது’ என்பதற்கு ‘ஷோயிங்’ அல்லது ‘பிளேயிங்’. எத்தனை நாள் ஓடியது என்று சொல்லும்போது மட்டும் ‘ரேன் ஃபார் ஹண்ட்ரட் டேஸ்’ சரி. ‘மனதில் என்ன ஓடுகிறது?’ என்று கேட்க ‘கோயிங் த்ரூ யுவர் மைண்ட்’. ‘ஏதோ குடும்பம் ஓடுகிறது’ என்பதற்கு ‘வீ ஆர் கெட்டிங் பை’. ‘ஃபேமிலி இஸ் ரன்னிங்’ என்றால் குடும்பமே தெருவில் ஓடும். ‘எனக்கு 35 ஓடுகிறது’ என்பதற்கு ‘ரன்னிங்’ வைத்துச் சொல்லவே வழியில்லை. ‘ஐ அம் தர்ட்டி ஃபோர், கோயிங் ஆன் தர்ட்டி ஃபைவ்’ என்று சொல்ல வேண்டும். ‘மின்விசிறி ஓடுகிறது’ என்பதற்கு ‘ரன்னிங்’ தவறில்லை, ஆனாலும் ‘ஆன்’ என்ற ஒரு சொல்லே அதிகம் புழங்குகிறது.

ஒரு பத்தியில் எல்லாம் சேர்ந்து

இந்தப் படிகளைச் செய்து பார்க்க ஒரு சிறு பத்தி:

‘தி பிரெஸ் இஸ் ரன் பை டூ சிஸ்டர்ஸ். இட் ரன்ஸ் ஃப்ரம் சிக்ஸ் டு டென். லாஸ்ட் வீக் தே ரேன் இன்டு எ பிராப்ளம்: தி இங்க் ரேன், அண்ட் பை நூன் தே ஹேட் ரன் அவுட் ஆஃப் பேப்பர். தி ஃபர்ஸ்ட் ரன் வாஸ் வேஸ்டட்.’

நான்கு வாக்கியத்துக்குள் ஆறு ‘ரன்’. முதலாவதன் பின்னால் ‘பை’ இருக்கிறது, செயப்பாட்டு வினை: நடத்தப்படுகிறது. தமிழில் அதைத் திருப்பிப் போட்டு ‘இரண்டு சகோதரிகள் நடத்துகிறார்கள்’ என்றால் இயல்பாக இருக்கும். இரண்டாவதில் ‘எதை?’ என்று கேட்டால் விடை இல்லை, தன்வினை: இயங்குகிறது. மூன்றாவதன் பின்னால் பிரச்சினை: மாட்டிக்கொண்டார்கள். நான்காவதில் எழுவாய் நீர்மம், சிறு சொல் எதுவும் ஒட்டவில்லை: மை ஊறிப் பரவிவிட்டது. ‘மை தீர்ந்தது’ என்று எழுதத் தோன்றும். அதற்கு ‘அவுட்’ வேண்டும், இங்கே அது இல்லை. ஐந்தாவதில் ‘ஹேட்’டுக்குப் பின் சரியான மூன்றாம் வடிவமும், ‘அவுட் ஆஃப்’பும் இருக்கின்றன: தாள் தீர்ந்துபோயிருந்தது. ஆறாவதன் முன்னால் ‘தி’, ஆகவே பெயர். அச்சகம் என்பதால் ஒரு முறை அச்சிட்ட பிரதிகள்.

‘அச்சகத்தை இரண்டு சகோதரிகள் நடத்துகிறார்கள். காலை ஆறு முதல் இரவு பத்து வரை வேலை நடக்கும். போன வாரம் ஒரு சிக்கல். மை ஊறிப் பரவிவிட்டது. நண்பகலுக்குள் தாளும் தீர்ந்துபோயிருந்தது. முதலில் அச்சடித்ததெல்லாம் வீண்.’

ஆறு ‘ரன்’னில் ஒன்றுகூட ‘ஓடு’ ஆகவில்லை.